நாற்பது தாண்டினால் கைப்பேசி ஏன் தள்ளிப் போகிறது?

சுங்கை சிப்புட்டில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தக் காட்சி கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் பத்திரிகையைப் படிக்க ஒருவர் கைப்பேசியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிப்பார், கை முழுசாக நீண்ட பிறகும் முகூர்த்த நேரம் தெளியவில்லை என்றால் "இந்தா, நீயே படி" என்று மகனிடம் நீட்டிவிடுவார். காரணம் கேட்டால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: கைப்பேசி பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போச்சு. மூன்றாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு வெண்பலகை தெரியாவிட்டாலும் அதே காரணம், எழுபது வயசுப் பாட்டிக்கு எல்லாம் பனிமூட்டமாகத் தெரிந்தாலும் வீட்டில் டிவிமேல்தான் பழி. உண்மையில் இவை மூன்றும் மூன்று வேறு சமாச்சாரம். பிள்ளைக்குக் கண் உருண்டை நீண்டிருக்கிறது, பாட்டிக்கு லென்ஸ் மங்கியிருக்கிறது, ஒட்டுக்கடையில் உட்கார்ந்தவருக்கு லென்ஸ் விறைத்துவிட்டது, வெள்ளெழுத்து என்பது இதுதான். இந்தக் கடைசி ஆள் கைப்பேசியைக் கண்டிராத காலத்தில் பிறந்திருந்தாலும் நாற்பத்தைந்து வயசில் இதே பாடுதான்.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துவிடலாம். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துப் பின்பக்கத்து விழித்திரையில் குவிப்பது லென்ஸ் என்றுதான் பள்ளியில் படித்ததாக ஞாபகம் இருக்கும். பாதிதான் சரி. வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கார்னியா, அதாவது கருவிழிக்கு முன்னால் ஒளி ஊடுருவும்படி இருக்கிற அந்த வளைந்த படலம். ஒளியை வளைக்கும் திறனை டயாப்டர் என்ற அளவில் சொல்வார்கள்; கணக்காகச் சொன்னால் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர், அதில் 43 போல கார்னியாவுடையது, ஓய்வில் இருக்கும் லென்ஸின் பங்கு 20க்கு அருகில். காற்றிலிருந்து ஈரமான திசுவுக்குள் நுழையும் இடத்தில்தான் ஒளி பலமாக ஒடியும், அந்த இடம் கார்னியாவின் முகப்பு. லென்ஸைச் சுற்றி ஏற்கனவே நீர்மம் இருப்பதால் அதற்கு அவ்வளவு பிடிமானம் கிடைப்பதில்லை.

இதற்குச் சாட்சி ஆற்றிலேயே இருக்கிறது. சுங்கை பிளஸில் குதித்து நீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்த எல்லாருக்கும் தெரியும், எல்லாம் கரைந்தாற்போலக் கலங்கித் தெரியும். நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படித்தான். கார்னியாவும் நீரும் ஒளியை ஏறத்தாழ ஒரே அளவில் ஒடிப்பவை என்பதால் நீருக்குள் போனதும் அந்த 43 டயாப்டர் கிட்டத்தட்ட முழுசாகக் காணாமல் போய்விடுகிறது, மிச்சமிருக்கும் லென்ஸால் அவ்வளவு பெரிய பள்ளத்தை நிரப்ப முடியாது. நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிகிறதே, அது கண்ணாடியின் மகிமை இல்லை, கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்று திரும்பி வந்ததுதான். தாய்லாந்தின் அந்தமான் கடற்கரையில் வாழும் மொக்கென் மக்களின் பிள்ளைகள் மட்டும் வெறும் கண்ணோடு மூழ்கிச் சிப்பி பொறுக்குகிறார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் ஆன்னா கிஸ்லேன் 2003ல் அவர்களைச் சோதித்தபோது, நீருக்கடியில் அவர்களுடைய பார்வை ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இரண்டு மடங்குக்கு மேல் கூர்மையாக இருந்தது. பிறவி வரம் எதுவும் இல்லை: கண்மணியை முடிந்த மட்டும் சுருக்கி, லென்ஸை முடிந்த மட்டும் உருட்டி வைத்துக்கொள்கிறார்கள். பிறகு பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் அது வந்துவிட்டது.

லென்ஸை உருட்டுவது என்று சொன்னேன் அல்லவா, லென்ஸின் தனி வேலையே அதுதான். கார்னியாவின் வளைவு அசையாது. தூரத்தில் இருக்கும் பொருளிலிருந்து ஒளிக்கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வந்து சேரும், அவற்றைக் குவிக்க 60 போதும். பக்கத்தில் இருக்கும் பொருளிலிருந்து வருபவை விரிந்துகொண்டே வரும், அவற்றைப் பிடித்து அதே விழித்திரையில் சேர்க்கக் கூடுதல் திறன் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதற்குக் கணக்கு சுலபம்: ஒரு மீட்டரில் இருந்தால் 1 டயாப்டர், அரை மீட்டர் என்றால் 2, 33 சென்டிமீட்டர் என்றால் 3, 25 என்றால் 4. கேமராவில் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து இதைச் சரிக்கட்டும், மீன்களின் கண்ணிலும் அப்படித்தான். நம் கண்ணில் லென்ஸ் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வடிவத்தை மாற்றுகிறது.

இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. தூரத்துக்கும் பக்கத்துக்கும் கண் எப்படி மாறிக்கொள்கிறது என்பதில் பல காலம் சண்டை நடந்தது, கார்னியா புடைக்கிறது என்றார்கள் சிலர், கண் உருண்டையே நீள்கிறது என்றார்கள் சிலர். 1801ல் லண்டனில் தாமஸ் யங் என்ற இளம் மருத்துவர் ஒரு சின்னக் குழாயில் லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, அதில் நீர் நிரப்பி, தன் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். நீர் பட்டதும் கார்னியா கணக்கிலிருந்து கழன்றுவிடும், ஆற்றில் நடப்பதுபோல. அப்போதும் அவரால் பக்கத்துக்கும் தூரத்துக்கும் பார்வையை மாற்ற முடிந்தது. அப்படியென்றால் அந்த வேலையைச் செய்வது கார்னியா இல்லை. கண்புரை அறுவையில் லென்ஸை எடுத்துவிட்டவர்களையும் சோதித்தார், அவர்களால் மாற்ற முடியவில்லை. சரி, லென்ஸ்தான் என்று முடிவாயிற்று.

ஆனால் எப்படி? இங்கேதான் பலரும் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். லென்ஸைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது, சிலியரி தசை என்று பெயர். அதற்கும் லென்ஸுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மெல்லிய நார்கள். தசை இறுகினால் நார்கள் லென்ஸை இழுக்கும் என்றுதானே தோன்றும்? நடப்பது எதிர்மாறு. தோட்டத்துத் திடலில் கல்யாணத்துக்குப் போடும் கூடாரத்தை நினைத்துப் பாருங்கள், சுற்றிலும் கம்பம் நட்டுக் கயிற்றால் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். கம்பங்களை எல்லாம் நடுவை நோக்கி ஓரடி நகர்த்தி வைத்தால் கயிறு தொய்யும், துணியும் தளரும். சிலியரி தசை இறுகும்போது அந்த வளையம் சிறுத்து உள்ளே வருகிறது, நார்கள் தொய்கின்றன, இழுத்துப் பிடிக்க ஆளில்லாத லென்ஸ் தன் இயல்புப்படி உருண்டு தடிக்கிறது. தடித்தால் திறன் கூடும், பக்கத்தில் உள்ளது தெளியும். தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வில், நார்கள் விறைப்பில், லென்ஸ் தட்டையாக. இந்த விளக்கத்தை 1855ல் கொடுத்தவர் ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். தொடர்ந்து படித்தால் கண் அசருவதும், சன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்த்தால் ஆறுதலாக இருப்பதும் இதனால்தான்.

விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழாக இருக்கும் என்பதைப் பற்றிப் பலர் வியந்து வியந்து பேசுவார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், கெப்ளர் 1604லேயே சொல்லிவிட்டார், மூளைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

லென்ஸ் எவ்வளவு தடிக்க முடியும் என்பதுதான் வயசோடு மாறுகிற விஷயம். பத்து வயசுப் பிள்ளை ஓய்வு நிலைக்கு மேல் 12, 14 டயாப்டர் வரை கூட்டிக்கொள்ளும், அதனால்தான் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் எறும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பார்க்க முடிகிறது. நாற்பதில் அது 5க்குப் பக்கம் இறங்கிவிடும், ஐம்பதில் 2, அறுபதில் பெயருக்குத்தான் மிச்சம். இருப்பதில் பாதியைத்தான் சிரமமில்லாமல் தொடர்ந்து செலவழிக்க முடியும் என்பது கண் மருத்துவத்தில் பழைய கணக்கு. நாற்பத்தைந்து வயசில் கையிருப்பு மூன்றரை என்று வைத்துக்கொண்டால், அதில் பாதி ஒன்றேமுக்கால். அது அரை மீட்டருக்கும் தள்ளி இருப்பதைப் பார்க்கத்தான் போதும். ஒட்டுக்கடையில் நீண்ட கையின் நீளமும் கிட்டத்தட்ட அதுவேதான்.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது என்பதற்கு நம் தோட்டங்களே உதாரணம். எல்பில், கமுனிங் பக்கம் இன்றைக்குச் செம்பனைதான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நீளக் கழியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுகிறவருக்கு வேலையே அண்ணாந்து பார்ப்பது, பத்து மீட்டர் உயரத்தில் குலை பழுத்திருக்கிறதா, கீழே உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்த்தால் போதும். லென்ஸ் ஓய்விலேயே இருக்கலாம். ஐம்பது வயசானாலும் லென்ஸ் விறைத்தது அவருக்கு வேலையில் தெரியவே தெரியாது, சம்பளச் சீட்டைப் படிக்கும்போதுதான் தெரியும். பால்மரம் வெட்டியவர்கள் கதை வேறு. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும் நேரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதற்காக இருட்டோடு நிரைக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் பழைய வெட்டின் விளிம்பில் கத்தியை வைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவி, சரிவாக இழுத்துக் கொண்டுவந்து மங்குக் கிண்ணத்தில் பால் விழச் செய்ய வேண்டும், உள்ளே மரம் வளரும் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போல மிச்சம் விட்டாக வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். கூடினால் மரத்தில் காயம், மண்டோரிடம் ஏச்சு, அந்த இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து மறுபடி வெட்ட லாயக்கில்லாமல் போகும். மூன்று மில்லிமீட்டருக்குள் நடக்கும் இந்த வேலை கண்ணிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தூரத்தில் நடக்கிறது, அதாவது மரத்துக்கு மரம் இரண்டரை டயாப்டர் செலவு. நாற்பத்தெட்டு வயசுக்காரரிடம் அது ஏறக்குறைய முழுக் கையிருப்பு.

போதாக்குறைக்கு இருட்டு. இருட்டில் கண்மணி பெரிதாக விரியும். கண்மணி சிறிதாக இருந்தால், குவியம் கொஞ்சம் தப்பினாலும் பிம்பம் அவ்வளவு கலங்காது, விரிந்திருந்தால் சின்னப் பிழையும் பெரிய கலங்கலாகிவிடும். பளீரென்ற வெயிலில் மருந்து அட்டையைப் படிக்க முடிகிறவர் வீட்டு விளக்கில் முடியாமல் திணறுவது இதனால்தான், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. கண்மணியைச் சுருக்கி வைத்தே படிக்க வைக்கும் ஒரு சொட்டு மருந்துக்கு 2021ல் அமெரிக்காவில் அனுமதிகூடக் கிடைத்தது. நெற்றி லைட்டின் சின்ன வெளிச்சத்தில், விரிந்த கண்மணியோடு, ஐம்பதை நெருங்கும் லென்ஸோடு மரம் வெட்டியவர்களுக்குக் 'கை தளர்ந்துபோச்சு' என்று பெயர் கிடைத்தது. கையில் ஒன்றுமில்லை, கண்ணில் ஒன்றரை டயாப்டர் குறைந்திருக்கும், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

வெறும் ஊகம் இல்லை இது. அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் 751 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியிட்டார்கள். எல்லாரும் நாற்பது வயசுக்கு மேல், பக்கத்துப் பார்வை குறைந்தவர்கள், கண்ணாடி போட்டதே இல்லை. பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்தின் எடை மற்றவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஒரு தோட்டத் தொழிலாளியின் உற்பத்தியை இவ்வளவு மலிவாகக் கூட்ட வேறு எந்த வழியும் எனக்குத் தோன்றவில்லை. தோட்டங்கள் ஆளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்திருக்கலாம், அது நிர்வாகத்துக்கே லாபமாக இருந்திருக்கும்.

லென்ஸ் ஏன் விறைக்கிறது? அது உடம்பிலேயே விசித்திரமான உறுப்பு. ரத்தக்குழாய் கிடையாது, இருந்தால் ஒளியை மறைக்கும். உள்ளே இருக்கும் செல்கள் தங்கள் உட்கருவையே துறந்துவிட்டு, கிரிஸ்டலின் என்ற புரதத்தை நிறைத்துக்கொண்டு நார்களாக அடுக்கி நிற்கின்றன, ஒழுங்கான நெருக்கம் காரணமாக ஒளி தடையில்லாமல் போகிறது. தோல் உரிவதுபோல, முடி உதிர்வதுபோல லென்ஸ் எதையும் வெளியே தள்ளுவதில்லை. சாகும்வரை வெளிப்பக்கத்தில் புதுப் படலம் சேர்ந்துகொண்டே இருக்கும், பழசு நடுவில் அமுங்கி இறுகிக்கொண்டே போகும். நடுமையத்தில் இருப்பது அம்மா வயிற்றில் இருக்கும்போது உண்டான புரதம், மாற்றப்படுவதே இல்லை. அதனால் அதன் கதிரியக்கக் கார்பனை அளந்து ஒருவர் எப்போது பிறந்தார் என்று சொல்லலாம் என்று டென்மார்க்கில் 2008ல் காட்டினார்கள். அதே முறையில் 2016ல் கிரீன்லாந்துச் சுறாக்களின் லென்ஸை ஆராய்ந்ததில் ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு சுறாவுக்கு வயசு 392 என்று வந்தது, முன்னே பின்னே 120 ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். குறைத்தே வைத்தாலும் 272.

ஆக, வெள்ளெழுத்துக்குக் கண் பயிற்சி வீண். தசை அறுபதிலும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, லென்ஸ்தான் கேட்பதில்லை. கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகிப் பவர் ஏறும் என்பதும் இல்லை, போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் தன் பாட்டுக்கு விறைக்கும். பாசார் மாலத்தில் பத்து வெள்ளிக்கு விற்கும் படிக்கும் கண்ணாடியால் கண் கெடாது. 45ல் பிளஸ் ஒன்று, 50ல் ஒன்றரையிலிருந்து இரண்டு, 60ல் இரண்டரை என்பது மேலோட்டமான கணக்கு. இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இல்லாதவர்களுக்கு அது ஒத்துவராது என்பதும், கண்ணைச் சோதிக்கப் போனால் கண்ணழுத்தமும் விழித்திரையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பத்து வெள்ளிக் கண்ணாடி அதைச் செய்யாது என்பதும்தான் குறை.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்ஸுக்குள்ளும் ஏறும், அங்கே அது சார்பிடால் என்ற வேறு பொருளாக மாறி வெளியேற முடியாமல் தங்கி நீரை இழுக்கும், லென்ஸ் ஊதும், குவியம் மாறும். சர்க்கரை 18ல் இருக்கும்போது கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு, மருந்து சாப்பிட்டு 7க்கு இறக்கிய பிறகு அதைப் போட்டுப் பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியாது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவார்கள். அவர்மேல் தப்பில்லை. சர்க்கரை சில வாரம் ஒரே நிதானத்தில் நின்ற பிறகு அளவெடுப்பதே புத்திசாலித்தனம்.

இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வரும். ஒழுங்காக அடுக்கியிருந்த புரதம் கட்டிதட்டி ஒளியைச் சிதறடிப்பதுதான் கண்புரை. அதன் ஆரம்பம் சில சமயம் நல்ல செய்தி மாதிரி வேடம் போட்டு வரும். பத்து வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் எதையும் படிக்காத பாட்டி திடீரென்று ஒருநாள் வெறும் கண்ணோடு ஊசியில் நூல் கோப்பார், வீட்டில் எல்லாரும் "பாட்டிக்குப் பார்வை திரும்பிடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்பட்டு ஒளியை இன்னும் பலமாக ஒடிப்பதால் பக்கத்தில் உள்ளது தெளிகிறது, கூடவே தூரம் மங்கும், வாசலில் வருவது யார் என்று தெரியாது. சில மாதமோ வருஷமோ கழித்து இரண்டுமே மங்கும். அப்படி நூல் கோத்த வாரமே பாட்டியை ஈப்போவுக்கு அழைத்துப் போய்க் கண்ணைக் காட்டிவிடுவது நல்லது. கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எவர் விற்றாலும் வாங்க வேண்டாம், அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது.

அறுவை ஒன்றுதான் வழி. முன்பெல்லாம் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள், தாத்தாக்கள் பிளஸ் பத்து, பன்னிரண்டு என்று சோடாப்புட்டிக் கண்ணாடியோடு காலம் தள்ளினார்கள். உள்ளே மாற்று லென்ஸ் வைக்கலாம் என்ற யோசனை போரிலிருந்து வந்தது. விமானத்தின் கண்ணாடிக்கூரை உடைந்து அக்ரிலிக் சில்லுகள் கண்ணுக்குள் போன விமானிகளைப் பார்த்த ஹெரால்டு ரிட்லி, அந்தச் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காமல் கிடப்பதைக் கவனித்து, 1949 நவம்பரில் லண்டனில் அதே வகைப் பொருளால் செய்த லென்ஸை ஒரு நோயாளிக்கு வைத்தார். பெரிய மருத்துவர்கள் பலர் அவரைப் பல ஆண்டு திட்டித் தீர்த்தார்கள். 1967ல் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரிடம் பார்த்த அதிர்வுக் கருவியிலிருந்து யோசனை எடுத்து, லென்ஸை உள்ளேயே தூளாக்கி உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார், வெட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கியது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976ல் தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை 1992ல் தன் சொந்தத் தொழிற்சாலையில் இந்த லென்ஸைச் செய்யத் தொடங்கியதும், இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது.

அறுவை செய்துகொண்டவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாந்து போகிறார்கள். ஒன்று, வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் ஒரே தூரத்துக்கானது, தசை இழுத்தாலும் தடிக்காது. தூரத்துக்கென்று வைத்துக்கொண்டால் பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும், அதை அறுவைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பல தூரத்துக்கான லென்ஸும் உண்டு, விலை கூட, இரவில் கார் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்ற புகாரும் உண்டு. இன்னொன்று, சிலருக்கு மாதங்களோ வருஷங்களோ கழித்து மறுபடி மூட்டமாகும், 'புரை திரும்பி வந்துடுச்சு, ஆபரேஷன் சரியில்லை' என்று வீட்டில் புலம்பல் தொடங்கும். புரை திரும்ப வராது, அதற்கு அங்கே பழைய லென்ஸே இல்லை. பழைய லென்ஸின் மெல்லிய உறையைப் புது லென்ஸைத் தாங்கிப் பிடிக்க விட்டு வைத்திருப்பார்கள், அதில் ஒட்டியிருந்த செல்கள் வளர்ந்து உறையின் பின்பக்கத்தை மங்கலாக்கியிருக்கும். லேசரால் அதன் நடுவில் ஓர் ஓட்டை போட்டால் சரியாகிவிடும், கத்தி கிடையாது, சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம்.